மாலைதீவில் உதைபந்தாட்டக் கோச் வேலைக்குப் போக நினைக்கும் தம்பிமாருக்கு

லீவில் ஊருக்கு, திருகோணமலைக்கு, வந்தால் பின்னேரங்களில் மக்கெய்சர் மைதானப் பக்கமோ ஏகாம்பரம் மைதானப் பக்கமோ ஒரு எட்டுப் போய் வருவேன். போனால் யாராவது ஒரு தம்பி தனியாகக் கூப்பிட்டு இதைக் கேட்காமல் விடுவதில்லை: "அண்ணா, வெளியில கோச் வேலைக்கு எப்படிப் போறது?" கேட்கிறவருக்குப் பெரும்பாலும் முப்பது தாண்டியிருக்கும், முழங்கால் நோகத் தொடங்கியிருக்கும், கழகத்தில் கூப்பிடுவதும் குறைந்திருக்கும். இதை இருபத்து நாலு, இருபத்தைந்து வயதில் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் பதில். சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. நின்ற நிலையில் கதைத்து முடிக்கக்கூடிய விஷயமும் இல்லை, அதனால் எழுதியே விடுகிறேன்.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூட அணியில் பின்கள வீரன். 2002இல் யுத்தநிறுத்தம் வந்த பிறகுதான் எங்கள் வயதுப் பொடியன்களுக்கு வெளியூர் மெட்ச் என்ற ஒன்று ஒழுங்காகக் கிடைத்தது. தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை, அது 2009இல்தான் திறந்தது. ஆளும் வாகனமும் ஒன்றாக ஏறிக் கடக்கும் 'பாதை' என்கிற மிதவையில்தான் போய் வர வேண்டும். பூட்ஸைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு போவோம், அங்கே ஓரத்தால் பறக்கிற பொடியன்களைப் பிடிக்க முடியாமல் நாக்குத் தள்ளத் திரும்பி வருவோம். அந்த வேகத்துக்கு எதிராக நின்று பழகியதுதான் பிறகு கொழும்பில் எனக்குக் கைகொடுத்தது. இரவு ரயிலில் கல்ஓயாச் சந்தி வழியாகக் கொழும்பு போய், ஒரு கழகத்தில் இடம் பிடித்து, பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதி, பின்னேரம் பயிற்சிக்குப் போன காலம் அது. இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளில் விளையாடுகிறவர்களுக்கு உத்தியோகம் இருக்கிறது, மாதச் சம்பளம் வரும். மற்றக் கழகங்களில் விளையாடி மட்டும் குடும்பம் நடத்துவது இங்கே கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

2008 தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டி கொழும்பில் நடந்தபோது நான் கேலரியில் இருந்தேன். மாலைதீவு 1-0 என்று இந்தியாவை வென்றது. சனத்தொகை ஐந்து இலட்சம் அளவில் இருக்கிற நாடு. நாங்கள் அந்தக் கிண்ணத்தை 1995இல் ஒரு தடவை எடுத்ததோடு சரி. அவர்கள் 2018இல் டாக்காவில் இரண்டாம் தடவையும் எடுத்தார்கள், அப்போதும் தோற்றது இந்தியாதான். இவ்வளவு சின்ன நாட்டில் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்ற யோசனை அன்றைக்குத் தொடங்கியது. ஓரிரு வருடத்தில் தெரிந்தவர் ஒருவர் மூலம் அவர்களின் தலைநகர் மாலேயில் ஒரு கழகத்துக்கு வீரனாகப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, உதைபந்து தவிர வேறு வேலை இல்லாமல் இருந்தேன்.

சுகமாகத்தான் போனது, முழங்கால் போகும் வரைக்கும். அங்கே நிறைய மைதானங்கள் செயற்கைப் புல். நம் ஊர்க் கட்டாந்தரைக்கும் மணலுக்கும் பழகின கால் அது. ஒரு மெட்சில் உடம்பு திரும்பியது, பூட்ஸின் ஆணி புல்லில் பிடித்துக்கொண்டது, கால் திரும்பவில்லை. முழங்காலின் உள்ளே இருக்கிற முன்சிலுவை நார் அறுந்துவிட்டது. இதில் உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது: இயற்கைப் புல்லுக்கான பூட்ஸில் ஆணி நீளம், எண்ணிக்கை குறைவு, செயற்கைப் புல்லுக்கென்று கட்டையான, நிறைய ஆணிகள் உள்ள பூட்ஸ் தனியாக விற்கிறது. வெளியில் போகிறவர் இரண்டு சோடியும் வாங்கிக்கொண்டு போங்கள். கோச்சாகப் போனால் முதல் நாளே பிள்ளைகளின் பூட்ஸைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான் இப்போதும் அதைத்தான் முதலில் செய்வேன். ஃபிஃபா வகுத்த '11 பிளஸ்' என்ற உடம்புச் சூடேற்றல் முறையும் இருக்கிறது, மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம் போதும், ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. செலவு ஒரு சதமும் இல்லை. ஆனாலும் நம் பக்கத்தில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு நேரே கோலுக்கு அடிக்கத் தொடங்குகிற வழக்கம் போகவில்லை.

சரி, கோச் ஆனது எப்படி என்று வருகிறேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு கேலரியில் சும்மா இருந்தேன். எங்கள் தலைமைப் பயிற்றுநர் ஐரோப்பாவிலிருந்து வந்த மனிதர், அதிகம் வாய் திறக்க மாட்டார். ஒருநாள் ஒரு கொப்பியையும் பேனையையும் கையில் தந்து, நாங்கள் பந்தை இழக்கிற ஒவ்வொரு தடவையும் எழுது என்றார். எழுதினேன். எத்தனையாவது நிமிடம், எந்தப் பக்கம், எந்த நம்பர். பெரும்பாலும் நம்பர் 8 தான். இடைவேளையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கேலரியில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பந்து போவதற்கு ஐந்து செக்கன் முன்னால் மற்றப் பத்துப் பேரும் எங்கே நின்றார்கள் என்று எழுது" என்று திருப்பித் தந்தார்.

இரண்டாம் பாதியில் நான் பந்தையே பார்க்கவில்லை என்று சொல்லலாம். நம்பர் 8 பந்தை வாங்கும்போது இடது பின்கள வீரன் அவனுக்கு நேர்கோட்டில் நிற்கிறான், நடுவில் நிற்க வேண்டியவன் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறான், முன்னால் இருக்கிற இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஓடுகிறார்கள். பாஸ் கொடுக்க ஆளில்லாமல் அவன் இரண்டு பேரை வெட்டிப் போகப் பார்க்கிறான், மூன்றாமவன் பறித்துக்கொள்கிறான். கேலரி முழுக்க அவனைத்தான் திட்டுகிறது. அணியிலேயே ஒளியாமல் பந்தைக் கேட்டு வாங்குகிறவன் அவன் ஒருவன்தான்!

இத்தனை வருடம் விளையாடியும் அந்தப் பார்வை எனக்குக் கிடைத்ததில்லை, ஏனென்றால் விளையாடுகிறவனுக்கு அது அவசியமில்லை. அவனுடைய ஆளையும் பந்தையும் பார்த்தால் அவன் வேலை நடந்துவிடும். கோச் வேலை முழுக்க முழுக்க அந்த மற்றப் பத்துப் பேர்தான். உங்களுக்குக் காயம் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த மெட்ச் நடந்தாலும் போய் இருங்கள், பத்து நிமிடம் நடுப் பின்களத்தில் நிற்கும் இரண்டு பேரை மட்டும் பாருங்கள், பந்து எங்கே போனாலும் கண்ணை எடுக்காதீர்கள். லேசான காரியமில்லை. கோல் விழுந்தால் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிவரும்.

பிறகு லைசன்ஸ். முன்பு ஆளின் பெயரே போதுமாக இருந்திருக்கலாம். பக்கீர் அலி 1980களில் டாக்கா அபாஹனி கழகத்துக்குப் பின்களத்தில் விளையாடியவர், பிறகு பங்களாதேஷிலேயே பயிற்றுநராக இருந்தவர், 2018இல் இலங்கைத் தேசிய அணியைப் பொறுப்பெடுத்தார். அப்படி வெளியில் பெயர் எடுத்தவர்கள் நமக்கு இருக்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் எவ்வளவு பெரிய விளையாட்டுக்காரன் என்றாலும் முதல் கேள்வி ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் எந்த லைசன்ஸ் இருக்கிறது என்பதுதான். டி, சி, பி, ஏ, அதற்கு மேலே புரோ. ஒவ்வொரு படிக்கும் நடுவில் உண்மையான அணி ஒன்றைப் பயிற்றுவித்த காலம் காட்ட வேண்டும், ஆகவே பணம் இருந்தாலும் அவசரப்பட்டுத் தாண்ட முடியாது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே டி, சி இரண்டையும் முடித்துவிட்டால் பூட்ஸைக் கழற்றும் நாளில் நீங்கள் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் அதை நீக்கியது. அப்படி ஒரு தடை வந்தால் தேசிய அணி விளையாட முடியாது என்பது மட்டுமில்லை, ஃபிஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும் நடத்துகிற கோர்ஸ்களும் நின்றுவிடும். முப்பத்து நாலு வயதில் முதல் கோர்ஸுக்குக் காத்திருக்கிற ஒருவனுக்கு அந்த மாதங்கள் எவ்வளவு பெரிது என்று யோசியுங்கள்.

கோர்ஸில் நன்றாக விளையாடுகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு தலைப்புத் தருவார்கள், உதாரணத்துக்குப் பின்களத்திலிருந்து பந்தைக் கட்டி எழுப்புவது. சக மாணவர்களையே வீரர்களாக வைத்து நீங்கள் பயிற்சி நடத்த வேண்டும், கோர்ஸ் நடத்துகிறவர்கள் ஓரத்தில் நின்று எழுதிக்கொண்டிருப்பார்கள். பெரிய பெயருள்ள ஒருவர், அவரைச் சொல்லக் கூடாது, கொழும்பு ரசிகர்களுக்குத் தெரிந்த ஆள், உள்ளே புகுந்து தானே பந்தை வாங்கி மூன்று பேரைத் தாண்டிக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். ஓரத்தில் நின்றவர்கள் மட்டும் தட்டவில்லை. செய்து காட்டுவதற்கு மதிப்பெண் இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் சரியான கணத்தில் விளையாட்டை நிறுத்தி, அத்தனை பேரையும் நின்ற இடத்திலேயே நிற்க வைத்து, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, விலகித் திரும்பத் தொடங்க வைப்பதுதான் அங்கே எதிர்பார்ப்பது. அந்த ஒரு வாக்கியம் வாயில் வராமல்தான் எல்லாரும் திண்டாடுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். இலக்கணம் படித்துக்கொண்டு இருக்காமல், மைதானத்தில் தேவைப்படுகிற இருபது முப்பது கட்டளைகளை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் ஆகும் வரை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சிங்களம் தெரிந்தவர்களுக்கு மாலைதீவில் இன்னொரு வசதி, அங்கத்தைய திவேகி மொழி சிங்களத்துக்கு நெருங்கிய உறவு, எண்கள் கிட்டத்தட்ட காதில் விழுந்தவுடனே பிடிபடும்.

சொல்லிக் கொடுப்பதில் ஒரு சின்னத் துண்டைக் காட்டுகிறேன். எட்டு ஒன்பது மீற்றர் சதுரம், நாலு மூலைக்கும் கூம்பு, ஓரத்தில் நாலு பேர், உள்ளே பறிக்க இரண்டு பேர். நம் ஊரிலும் எல்லாரும் விளையாடுகிறதுதான், சும்மா சிரித்து விளையாட. அதிலேயே ஒரு நிபந்தனை போடுங்கள்: பந்துக்குக் கிட்ட இருக்கும் காலால் எடுக்கக் கூடாது, தூரத்துக் காலால்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் முதலில் குழம்பிப்போவார்கள். ஐந்தாறு நிமிடத்தில் பாருங்கள், தூரத்துக் காலால் எடுக்க வேண்டுமென்றால் உடம்பைத் திறந்து நிற்க வேண்டியிருக்கிறது, திறந்து நின்றால் மற்றப் பக்கம் தானாகவே கண்ணில் படுகிறது, அடுத்த பாஸ் எங்கே என்று பந்து வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. "உடம்பைத் திற, சுற்றிப் பார்" என்று நாள் முழுக்கக் கத்தினாலும் நடக்காதது இந்த ஒரு நிபந்தனையால் நடக்கும். நோர்வேயைச் சேர்ந்த கேயர் யோர்டெட் என்ற பேராசிரியர், இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்கள் பந்து வருவதற்கு முன்னால் எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர். அதிகம் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகம் போய்ச் சேர்கிறது. இதைப் படித்த பிறகு நான் பிள்ளைகளின் காலை விட்டுக் கழுத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் பிறந்த திகதியையும் பார்க்க வேண்டும். வயதுப் பிரிவு ஜனவரி 1 என்று வைத்துப் பிரிப்பதால், அணிக்கு எடுபட்டவர்களின் பட்டியலில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் குவிந்து கிடக்கும்; நவம்பர், டிசம்பர் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருந்தால் பெரிது. உலகம் முழுக்க இதே கதைதான். திறமை என்று நினைத்து நாம் எடுப்பது பல நேரம் பத்து மாத வளர்த்தி. சின்ன உருவமாக இருக்கும் டிசம்பர்ப் பிள்ளையை ஒரு வருடம் கூடுதலாகப் பொறுத்துப் பாருங்கள். இந்தப் பன்னிரண்டு வயதுப் பக்கத்தில்தான் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நோவு வரும். நம் ஊரில் எண்ணெய் போட்டு உருவி அடுத்த நாளே ஓட விடுவார்கள். அது எலும்பு வேகமாக வளர்கிற காலத்தில் தசைநார் இழுப்பதால் வருவது, பாய்ச்சலையும் ஓட்டத்தையும் கொஞ்ச நாள் குறைத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும், ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இப்போது பணம். யாரும் வெளியே சொல்லாத பகுதி இது. நான் வேலை செய்த ஒரு கழகத்தில் சம்பளம் நின்றுபோனது. முதல் மாதம் ஸ்பொன்சர் பணம் வரவில்லை என்றார்கள், அடுத்த மாதம் தலைவர் வெளிநாட்டில் என்றார்கள், அதற்கடுத்த மாதம் தொலைபேசியே எடுக்கவில்லை. அறையில் இருந்த இன்னொரு வெளிநாட்டு வீரன் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். அவ்வளவுதான், ஒப்பந்தத்தை முறித்தது அவன் என்று ஆகிவிட்டது, பாக்கிச் சம்பளத்துக்கு அவன் நாயாய் அலைந்தான். எனக்குக் கழகக் காரியாலயத்தில் இருந்த ஒரு வயதான மனிதர் இரகசியமாகச் சொன்னார், போகாதே, முதலில் கடிதம் எழுது என்று. ஃபிஃபா விதி தெளிவாக இருக்கிறது: இரண்டு மாதச் சம்பளம் தவணைக்கு வராவிட்டால் எழுத்தில் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். வீரர்களுக்கு இது 2018இலிருந்து இருக்கிறது, 2021இலிருந்து கோச்மாருக்கும் இருக்கிறது. வெளிநாட்டுக் கழகம் என்றால் ஃபிஃபாவின் உதைபந்தாட்டத் தீர்ப்பாயத்துக்கே முறையிடலாம், வீரரும் கோச்சும் சம்பந்தப்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் அறவிடுவதில்லை, ஆனால் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என் பணம் கடிதத்தோடேயே வந்துவிட்டது, முழுவதுமாக இல்லாவிட்டாலும்.

ஆகவே ஒப்பந்தத்தை வாங்கியவுடன் கையெழுத்துப் போடாமல் அறைக்குக் கொண்டுபோய் இரவு வாசியுங்கள். சம்பளம் எந்த நாணயத்தில் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாலைதீவில் ஒரு டொலருக்கு அதிகாரபூர்வ விலை 15.42 ரூஃபியா, வெளியில் டொலர் அந்த விலைக்குச் சுலபமாகக் கிடைக்காது. ரூஃபியாவில் வாங்கி டொலராக மாற்றி ஊருக்கு அனுப்பினால் இடையில் எவ்வளவு உதிரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வீடு, சாப்பாடு, டிக்கெட், காயத்துக்கான காப்புறுதி எல்லாம் வாய்ப்பேச்சில் இருக்கக் கூடாது. விசா கிடைத்தால்தான், இந்த லைசன்ஸ் எடுத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரி இருந்தால், கோச்மாருக்கான ஃபிஃபா விதி அதை அனுமதிப்பதில்லை என்று மரியாதையாகச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று கேட்டால், பத்திரமாக வைக்க எனக்கும் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

வாழ்க்கை எப்படி என்று கேட்டால், நம் பக்கத்து ஆட்களுக்கு அந்நியமாக இராது. காலையில் மாசிமீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள், திருகோணமலைக்காரனுக்கு அதில் என்ன குறை? நோன்பு மாதத்தில் பயிற்சி இரவுத் தொழுகைக்குப் பிறகுதான், நள்ளிரவு தாண்டியும் போகும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பொடியன்களோடு வளர்ந்ததால் அதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வேறு நாட்டிலிருந்து வந்த கோச்மார் சிலர் பின்னேரப் பயிற்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்து அணியின் மனதையே இழந்தார்கள். மாலேயை விட்டு வெளித்தீவு ஒன்றுக்குப் போனால் தனிமைதான் பெரிய வில்லன். கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான், ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவில் போன் வரும்போது அந்தத் தூரம் வேறு. என் மனைவி ஒருநாள் கேட்டாள், "அங்க உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் யாருக்கு எந்த முழங்கால் நோகுதெண்டு சொல்லுறீங்க, உங்கட மகன் இப்ப என்ன சைஸ் சப்பாத்துப் போடுறான் சொல்லுங்க பாப்பம்." அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை லீவும் டிக்கெட்டும் என்று எழுதி வாங்குகிறேன்.

கடைசியாக, வேலை எப்படிக் கிடைக்கிறது. ஏஜன்ட் என்று சொல்லி முன்பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். நான் பார்த்தவரை வேலை வருவது கூட விளையாடியவர்கள் மூலமும் கோர்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் மூலமும்தான், அதனால் கோர்ஸில் பின் வரிசையில் இருந்துவிட்டு ஓடி வராமல் நாலு பேரோடு பழகுங்கள். கழகங்கள் இப்போது விளையாடிய காலத்துப் படங்களைக் கேட்பதில்லை, நீங்கள் நடத்திய பயிற்சி ஒன்றின் வீடியோவைக் கேட்கிறார்கள், வெட்டி ஒட்டாமல், உங்கள் குரலோடு. அதை இங்கேயே எடுக்கலாம். பத்துப் பிள்ளைகள், நாலு கூம்பு, மதில் மேல் நிறுத்திவைத்த ஒரு போன் போதும். பிள்ளைகளின் தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். காலையிலேயே எடுத்து முடியுங்கள், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் வீடியோவில் உங்கள் குரல் ஒன்றும் கேட்காது.